கச்சேரி ரோட்டு பிரியாணி ஜீப்

கரீமுல்லாவின் ஜீப்புக்குத் தாகம் அதிகம். அதுவும் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்குத் தண்ணி லாரி வருகிற அன்று, மற்ற வீட்டுப் பெண்கள் மனிதர்களுக்குக் குடம் பிடிப்பார்கள். அவர் மனைவி குல்ஷன் ஜீப்புக்கும் சேர்த்துத் தனியாக ஒரு கேன் பிடிப்பாள். "உன் ஊட்ல எத்தினி பேருமே?" என்று வரிசையில் யாராவது கேட்டால், "நானு, அவுரு, சிம்ரா, அப்பறம் வாசல்ல ஒருத்தன் நின்னுகினு கீறான் பாரு, அவன்," என்பாள். வரிசை முழுக்கச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே குடங்களை நகர்த்தி அவளுக்கு இடமும் விடும்.

வாசலில் நின்றவன் ராணுவத்தில் உழைத்து ஓய்ந்தவன். ஏலத்தில் கழித்துக் கட்டிய பெட்ரோல் ஜீப். மலையும் பள்ளமும் ஏறி இறங்கவென்று பிறந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பிரியாணி தூக்குகிற வண்டிக்கு எதற்கு இத்தனை வீராப்பு என்று கரீமுல்லா அதை வாங்கியபோது தெருவே கேட்டது. கரீமுல்லா பண்டாரி. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிரியாணி ஆக்குகிற அவருடைய இரண்டு பெரிய செம்பு அண்டாக்களும், அவர் பாஷையில் தேக்சாக்கள், ஜீப்பின் பின்பக்கத்தில் அளவெடுத்தது போல உட்கார்ந்தன. அதற்கு மேல் அவர் எதையும் யோசிக்கவில்லை.

ஓட்டுவது குல்ஷன்தான். கரீமுல்லாவுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னால், "தேக்சா பின்னால கீது, நான் முன்னால குந்திகினு இன்னா பண்றது?" என்பார். குல்ஷன் சிந்தாதிரிப்பேட்டைப் பெண். அவள் அண்ணன் மெஹபூப் பாஷா அங்கே ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்தார். ஈயம் உருக்குகிற வாசனையில் வளர்ந்தவளுக்கு ஜீப் ஒன்றும் பெரிய பூதமாகத் தெரியவில்லை. ஆரம்பத்தில் லஸ் முனையில் புர்கா போட்ட பெண் ஜீப் ஓட்டுவதைப் பார்க்க பஸ் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. அப்புறம் மயிலாப்பூருக்கே பழகிப்போயிற்று. "பிரியாணி ஜீப் போவுது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் அந்த வண்டியில் என்றைக்கோ நடுவில் செத்துக் கிடந்தது. கொதித்தாலும் நடு, குளிர்ந்தாலும் நடு. குல்ஷனுக்கு அந்த முள் தேவைப்படவும் இல்லை. சூடு ஏறினால் முதலில் அவள் வலது பாதத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு துருவும் தண்ணீரும் சேர்ந்து வேகிற ஒரு வாசனை வரும். அதற்கும் பிறகு ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாய்க்குள் உலைப்பானை மாதிரி தளதளவென்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்கிற வரைக்கும் அவள் விடமாட்டாள். வாசனை வந்ததுமே ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து விசிறியை வேகமாகச் சுற்றவிடுவாள். சூடு தணிந்த பிறகுதான் அணைப்பாள். பச்சைத் தண்ணீரைக் கொதிக்கிற இஞ்சினில் மடமடவென்று ஊற்றவும் மாட்டாள். ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும்.

ரேடியேட்டரின் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் கீழே இறங்கும். சூடு மிஞ்சினால் அதன் வழியாகத் தண்ணீர் சொட்டும், சில சமயம் புஸ்ஸென்று ஆவி பறக்கும். கரீமுல்லாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"பாரு, ஒழுகுது. உங்கண்ணன் பட்டறைலதான் குடுத்தோம். இன்னும் ஒழுகினுதான் கீது."

"அது ஒழுகலங்க. மிஞ்சினத வெளிய தள்ளுது. மூச்சு வுடுது, வுடட்டும்னு அண்ணன் சொல்லிச்சு."

"மூச்சாம் மூச்சு! குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல இவுரு மூச்சு வுடுறாராம். ஆவிய வெளிய வுட்டா சோறு வேவுமா?"

"இது சோறு இல்லங்க, இஞ்சினு."

"எல்லாம் அடுப்புதான்," என்று கரீமுல்லா பேச்சை முடித்துவிடுவார். மச்சான் சொன்னது எதுவும் அவருக்குச் சரிப்பட்டதே இல்லை. ஒரு பொட்டு ஆவியைக்கூட வெளியே விடாமல் மைதா மாவால் மூடியைச் சுற்றி அடைத்துத் தம் போடுகிற கை அவருடையது. அந்த மாவை விருந்து நடக்கிற இடத்தில், விருந்தாளிகள் பார்க்க, அவர்தான் கீறித் திறப்பார். அதற்கென்றே ஒரு கத்தி வைத்திருந்தார். அதில் வெங்காயம்கூட நறுக்கக் கூடாது. வேறு யாரும் தொடவும் கூடாது.

ஊரெங்கும் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த அந்த மே மாதத்தில்தான் மகள் சிம்ராவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை தல்ஹா தங்கமான பையன். சிக்கல் என்னவென்றால் அவன் ஆம்பூர்க்காரன். பிரியாணியைத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்கிற நினைப்பில் இருக்கிற ஊர். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் பீர் முஹம்மது, கரீமுல்லாவின் சோற்றை நன்றாகச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, "மெட்ராஸுக்கு இது தாராளம் சம்பந்தி," என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தத் 'தாராளம்' கரீமுல்லாவின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து அரிசிக் கடையில் சீரக சம்பாவை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்து, "மெட்ராஸுக்கு இது தாராளம்," என்று தானே சொல்லிக்கொண்டு திருப்பிப் போடுவார்.

"அத்தா, வேற பண்டாரி வையுங்க அத்தா," என்று சிம்ரா கெஞ்சினாள். "பொண்ணுக்கு அத்தா, வாசல்ல நின்னு வாங்கன்னு சொன்னாப் போதும். நீங்க அடுப்புல நின்னு வெந்துகினு இருந்தா எனக்கு நல்லாவா இருக்கும்?"

"ஏன் புள்ள? அத்தா சோறு ஆம்பூர்ல நிக்காதுன்னு பயமா?"

"அதில்ல. நாளைக்கு ஒரு பருக்கை குழைஞ்சாலும் காலம் பூரா என்னைத்தான சொல்லிக் காட்டுவாங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது உண்மை என்று வீட்டில் மூவருக்கும் தெரியும். புது வீட்டில் ஒவ்வொரு பெருநாளுக்கும் பிரியாணி ஆக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது சிரித்துக்கொண்டே, "ஒங்கத்தா கல்யாணத்துல போட்டாரே" என்று ஆரம்பிப்பார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தி.நகர் மண்டபத்திலிருந்து ஆள் வந்து, கிணறு வறண்டுவிட்டது, கை கழுவத்தான் தண்ணீர் இருக்கிறது, சமைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். கரீமுல்லா அசரவில்லை. "இங்கயே ஆக்கி எடுத்துனு போலாம்," என்றார். தொட்டுக்கொள்கிற தால்ச்சாவையும் கத்தரிக்காயையும் உதவியாட்கள் மீன்பாடி வண்டியில் முன்னாலேயே கொண்டுபோவார்கள். தம் போட்ட தேக்சாக்கள் மட்டும் ஜீப்பில். அணைத்த அடுப்பிலிருந்து இறக்கிய பிரியாணிக்குக் கெடு உண்டு. சீக்கிரம் திறந்தால் மேலே விறைக்கும்; தாமதமானால் அடிச்சூட்டிலேயே குழையும். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து விருந்தாளிகள் விரிப்பில் உட்காருகிற நேரமும் தம் பிரிகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மயிலாப்பூரிலிருந்து தி.நகர் என்ன, கூப்பிடு தூரம்தானே என்று கணக்குப் போட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. கரீமுல்லா அத்தர் வாசனையோடு வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராக அடுப்புக்குப் போனார். மண்டபத்துக்குக் கிளம்பிய சிம்ரா, மாமா மெஹபூப் பாஷாவின் குடும்பத்தோடு காரில் ஏறும் முன் கொல்லைக்கு வந்து நின்றாள். சிவப்புச் சேலை, கையெல்லாம் மருதாணி. புகையில் அவள் கண் கலங்கியதா வேறெதிலா தெரியவில்லை.

"அத்தா, போயிட்டு வரேன்."

கரீமுல்லா விறகைத் தள்ளிக்கொண்டே, "போ போ. சோறு பின்னாலயே வருது," என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. குல்ஷனுக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வார்த்தை, நல்லா இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? நிச்சயம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் மகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அரிசியைப் பேசினார், கறியைப் பேசினார், ஆம்பூரைப் பேசினார். அவ்வளவுதான்.

தேக்சாக்களை ஏற்றி, சுற்றிலும் கம்பளி போர்த்தி, கயிற்றால் இறுக்கியாயிற்று. குல்ஷன் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலைக்கு மேல் புர்காவைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தாள். விடிகாலையில் இறைச்சி எடுத்துவர ஓடிய வண்டி. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"இன்னாங்க, இன்னிக்கு ஒழுகவேயில்ல?"

"கல்யாண நாளுன்னு அதுக்கும் தெரியாதா?" என்று கரீமுல்லா மீசைக்குள் சிரித்தார். அதை அவள் அப்போதே கேட்டிருக்க வேண்டும். வேறு நூறு கவலையில் கேட்காமல் விட்டுவிட்டாள்.

லஸ் வரைக்கும் ஜீப் சமர்த்தாக ஓடியது. காற்று முகத்தில் அடித்தது. பின்னால் கரீமுல்லா இரண்டு தேக்சாக்களுக்கும் நடுவில், இரண்டையும் தோளில் கை போட்ட மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆழ்வார்ப்பேட்டை வந்ததும் எல்லாம் கெட்டது. மேம்பாலத் தூண்களுக்காக ரோட்டை அடைத்து, வண்டிகளை அபிராமபுரம் தெருக்களுக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். காரும் ஆட்டோவும் தண்ணி லாரியும் ஒரே தெருவுக்குள் புகுந்து, நத்தை மாதிரி ஊர்ந்தன. முதல் கியரில் ஒரு முழம், பிறகு நிற்பு, மறுபடி ஒரு முழம். மேலே வெயில், கீழே தார், முன்னால் ஒரு லாரியின் புகை.

குல்ஷனின் வலது பாதம் சுட்டது. வாசனைக்காக மூக்கை உறிஞ்சினாள். லாரிப் புகையும் பின்னாலிருந்து வந்த பிரியாணி மணமும்தான் தெரிந்தன. எட்டிப் பார்த்தாள். செம்புக் குழாயில் சொட்டு இல்லை, ஆவி இல்லை. அப்படியென்றால் பயமில்லை என்று நினைத்தாள். அந்தக் குழாய் பேசாமல் இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்றுதானே இத்தனை வருஷமாக அர்த்தம்? தளதளவென்று சத்தம் கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரம் கட்ட இடம் தேடுவதற்குள் பானெட்டுக்குள் படீரென்று ஒரு வெடி. வெள்ளை ஆவி கண்ணாடியை மறைத்துக்கொண்டு எழும்பியது.

"பாம்! பாம்!" என்று கத்திக்கொண்டு பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒருவர் குதித்து ஓடினார்.

குல்ஷன் இஞ்சினை அணைத்துவிட்டு, உருட்டிக்கொண்டே ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். இறங்கி, நனைத்த கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். மேல் ரப்பர் குழாய், ரேடியேட்டரோடு சேருகிற முனையில் வாய் பிளந்து கிடந்தது. ஏன்? பழைய குழாய்தான், ஆனாலும் இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது? செம்புக் குழாயின் முனையைப் பார்த்தாள். அதில் பழுப்பாக, கல்லாகக் காய்ந்த ஒரு உருண்டை. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். இருபது வருஷமாக அவள் தேக்சா மூடிகளிலிருந்து தேய்த்துக் கழுவுகிற அதே மைதா மாவு.

மெல்லத் திரும்பினாள். கரீமுல்லா இறங்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"யோவ்!" என்றாள் குல்ஷன். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ரேடியேட்டருக்குத் தம் போட்டியா?"

"ஒழுகினு இருந்துச்சுமே. கல்யாண நாளு வழியில நின்னுடப் போவுதுன்னு… ஒரு சொட்டு வெளிய போவாம…"

"ஒரு சொட்டு போவாததாலதான்யா இப்ப மொத்தமும் போச்சு!"

தெருவில் நின்ற தண்ணி லாரியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். அவர்களில் முன்னால் வந்தவள் காமாக்ஷி மாமி. எதிர்வீட்டில் வீணை கற்றுக்கொடுக்கிறவள். அந்த வரிசைக்குத் தானே தலைவியாகி, யார் முன்னால் யார் பின்னால் என்று அதட்டிக்கொண்டிருந்தவள்.

"என்னடிம்மா ஆச்சு? ஏதோ வெடிச்சுதே?"

"தண்ணிக் குழா வெடிச்சிடுச்சு மாமி. பொண்ணு கல்யாணம். பின்னால இருக்கிறது கல்யாணச் சோறு. தி.நகர்ல எல்லாரும் பசியோட ஒக்காந்திருப்பாங்க."

"ஐயோ, கல்யாணச் சாப்பாடா!" மாமி பதறிப்போய் வீட்டுக்குள் ஓடினாள். ஒரு தூக்கு நிறைய நீர்மோரோடு திரும்பினாள். "இந்தா, முதல்ல இத விடு அதுக்கு. நன்னாக் குளிர்ச்சி."

இத்தனை கலவரத்திலும் குல்ஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மோரெல்லாம் வண்டிக்கு ஊத்தக் கூடாது மாமி, உள்ள தயிராப் பூடும்."

"அப்போ இத நீ குடி. முகத்தப் பாரு, வண்டியவிட நீதான் கொதிச்சுண்டிருக்கே. அந்த மனுஷருக்கும் குடு." தேக்சாப் பக்கம் மூக்கைத் திருப்பி, "வாசனை இப்படித் தூக்கறதே! நாங்க சாப்பிடமாட்டோம். ஆனா மூக்கு என்ன பண்ணும் பாவம்," என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

குல்ஷன் மோரை ஒரே மூச்சில் குடித்தாள். இஞ்சிக் காரம் உள்ளே இறங்க இறங்கத் தலை தெளிந்தது. வெடித்தது முனையில்தான். கிழிந்த பாகத்தை அறுத்து எறிந்துவிட்டு மிச்சக் குழாயை இழுத்து மாட்டினால் எட்டும். தலைமுடியிலிருந்த ஊசியைப் பிடுங்கி, செம்புக் குழாயிலிருந்த மாவைக் குடைந்து தள்ளினாள். பிறகு கையை நீட்டினாள்.

"கத்தியக் குடுங்க."

கரீமுல்லா இடுப்பைத் தடவினார். "எந்தக் கத்தி?"

"எந்தக் கத்தின்னு ஒங்களுக்குத் தெரியும்."

"குல்ஷு, அது தம்மு பிரிக்கிறது…"

"தம்மு அங்க போய்ச் சேந்தாத்தான பிரிப்பீங்க?"

அவர் தேக்சாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது. "நேரமாவுது. அடிச் சூடு மேல ஏறிகினே கீது," என்று முனகியபடி, துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். குல்ஷன் ரப்பரை அறுத்தாள். அந்தக் கத்தி கரேலென்று ஆவதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளிப்பை முறுக்க ஸ்க்ரூ டிரைவர் இல்லை. கத்தி முனையே அதற்கும் ஆயிற்று.

தண்ணீர்? ஜீப்புக்கென்று கொண்டுவந்த கேன் பாதிதான் இருந்தது. குல்ஷன் வரிசையைப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்தால் அடுத்த லாரி வரைக்கும் அதுதான். அவளும் அதே மாதிரி வரிசையில் நிற்கிறவள். ஒரு குடம் என்று கேட்கிறது எவ்வளவு பெரிய கேள்வி என்று அவளுக்குத் தெரியும். பாதிக் கேனின் மூடியையே திருகினாள்.

மாமி அவள் முகத்தைப் பார்த்தாள். பேசாமல் தன் பச்சைக் குடத்தைத் தூக்கிவந்து ஜீப்பின் மட்கார்டில் வைத்தாள். "எங்காத்துல இன்னிக்கு ஒருத்தரும் குளிக்கலேன்னா லோகம் ஒண்ணும் முழுகிடாது. விடுடி."

அதைப் பார்த்து இன்னொருத்தி அரைக் குடம் கொண்டுவந்தாள். மூன்றாமவள் ஒரு வாளி. குல்ஷன் இஞ்சினை ஓடவிட்டு, நூல் மாதிரி மெல்ல மெல்ல ஊற்றினாள். குழாய் பிடித்தது. கசிவு இல்லை. மிச்சத் தண்ணீரைக் கேனிலும் குடத்திலும் நிரப்பிக்கொண்டாள்.

"ரேடியேட்டர் மூடிய இறுக்க மாட்டேன்," என்றாள் கரீமுல்லாவிடம். "சும்மா மேல வெச்சிருக்கேன். ஆவி போவட்டும். போனா ஊத்திக்கலாம். இறுக்கினா மறுபடி வெடிக்கும்."

அவர் தலையை ஆட்டினார். பானெட்டையும் முழுக்கச் சாத்தாமல், காற்றுப் போக இடைவெளி விட்டுக் கயிற்றால் கட்டினார்கள்.

"குடத்தத் திருப்பிக் குடுத்துடணும், கேட்டியா? ஒரே பச்சைக் குடம்!" என்று மாமி கத்தினாள்.

"தண்ணியோட குடுக்கிறேன் மாமி!"

தெரு முனையில் அடுத்த கண்டம் காத்திருந்தது. கழிவுநீர்க் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தைப் பாதி மூடி, மண்ணைக் குன்றாகக் குவித்துவைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் சேமியர்ஸ் ரோட்டுக்குப் போகிற வழி காலியாகக் கிடந்தது. இந்தப் பக்கம் கார்கள் ஏற முடியாமல் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தன. அவற்றோடு திரும்பினால் சோறு குழைந்துவிடும்.

குல்ஷன் மண்குன்றைப் பார்த்தாள். கரீமுல்லாவைப் பார்த்தாள்.

"ஏறுமா?" என்றார் அவர்.

"இதுக்குத்தான பொறந்திருக்கான் இவன். ஆனா ஒரே தபாதான். நடுவுல நின்னா கொதிச்சிடும்."

ரேடியேட்டரின் கழுத்து வரைக்கும் தண்ணீரை நிரப்பினாள். சின்ன நெம்புகோல் இரண்டையும் இழுத்து நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தாள். "பிஸ்மில்லா" என்று சொல்லி கிளச்சை விட்டாள். ஜீப் முக்கியது. முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. வண்டி மூக்கைத் தூக்க, பின்னால் கரீமுல்லா இரண்டு தேக்சாக்களையும் கட்டிக்கொண்டு, "சாயாத, சாயாத, என் ராசாத்தி சாயாத," என்று அலறினார். பானெட் இடுக்கில் ஆவி பீறிட்டது. வெந்நீர்த் துளி கண்ணாடியில் தெறித்தது. பாதம் தீயில் வைத்த மாதிரி எரிந்தது, அவள் எடுக்கவில்லை. ஒரு நொடி உச்சியில் வானம் மட்டும் தெரிந்தது. அடுத்த நொடி மூக்கு கவிழ்ந்து, மண் சரியச் சரிய அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். பின்னால் சிக்கிக்கிடந்த கார்க்காரர்கள் ஹாரன் அடித்துக் கை தட்டினார்கள். குல்ஷனும் தன்னை அறியாமல் ஹாரனை அழுத்தி, சின்னப் பிள்ளை மாதிரி "ஹோ!" என்று கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"தேக்சா?" என்று கேட்டாள்.

"ஒரு பருக்க அசையல!" என்றார் கரீமுல்லா. அவர் குரலும் கூத்தாடியது.

சேமியர்ஸ் ரோட்டில் காற்றுக் கிடைத்தது. ஜீப் ஆவியை விட்டுக்கொண்டே ஓடியது. நந்தனத்தில் ஒரு தடவை நிறுத்தி ஊற்றினாள். வெங்கடநாராயணா ரோட்டில் இன்னொரு தடவை. பச்சைக் குடத்தின் கடைசித் தண்ணீர் உள்ளே போனபோது மண்டபத்தின் வாழைமரம் தெரிந்தது.

விருந்தாளிகள் விரிப்பில் உட்கார்ந்தாயிற்று. வாசலில் மெஹபூப் பாஷா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தங்கையின் கரிபடிந்த கைகளையும் கட்டிவைத்த பானெட்டையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மச்சானிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குல்ஷன் கண்ணால் அடக்கினாள். தேக்சாக்களை இறக்கி நடுவில் வைத்தார்கள். பீர் முஹம்மதுவும் ஆம்பூர்ப் பெரியவர்களும் எழுந்து வந்து சூழ்ந்து நின்றார்கள். மணப்பெண் சிம்ரா பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கரீமுல்லா கத்தியை எடுத்தார். அது கறுத்து, ரப்பர் நாற்றத்தோடு இருந்தது. அப்படியே நின்றுவிட்டார். வேறு கத்தி கேட்டால் ஓடிப்போய் எடுத்துவந்திருப்பார்கள். அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. திரும்பி, "குல்ஷு, நீ தொற," என்றார்.

"நானா?"

"இங்க வரைக்கும் கொண்டாந்தது நீ. நீயே தொற."

அத்தனை பேர் முன்னால் அவள் தேக்சாவைத் திறந்ததே கிடையாது. ஒரு தூக்குத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, காய்ந்த மாவை விரலாலேயே பிய்த்துப் பிய்த்து எடுத்தாள். கரீமுல்லா மூடியைத் தூக்கினார். ஆவி பந்தாகக் கிளம்பிக் கூரைக்குப் போனது. நெய்யும் புதினாவும் கறியும் சேர்ந்து கூடம் முழுக்க மணத்தது. கரண்டியை ஓரத்தில் இறக்கித் திருப்பினார். சோறு உதிரி உதிரியாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் சரிந்தது.

பீர் முஹம்மது ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"சம்பந்தி," என்றார் அவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நான் ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிடப் போறேன். இத ஆம்பூர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரைக்குப் பின்னால் சிம்ரா சிரிக்கிற சத்தம் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. கரீமுல்லா அந்தப் பக்கம் திரும்பினார். அன்று முழுவதும், அதற்கு முன் எத்தனையோ நாளாகவும், மகளை நிமிர்ந்து பார்க்காத மனிதர் இப்போது பார்த்தார். சிவப்புச் சேலையும் மருதாணியுமாக அவர் பெண் நின்றாள். சாயங்காலம் ரயிலேறிவிடுவாள்.

அவர் இரண்டாவது தேக்சாவின் மேல் குனிந்தார். தோள் குலுங்கியது. மாவைப் பிய்க்கிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். கன்னத்திலிருந்து சொட்டுச் சொட்டாக மூடியில் விழுந்தது.

"ஆவி அடிக்குது," என்றார், பக்கத்தில் வந்த குல்ஷனிடம்.

அந்த மூடி இன்னும் திறக்கப்படவில்லை. குல்ஷன் அதைச் சொல்லவில்லை. கரியும் மாவும் ஒட்டிய கையை அவர் முதுகில் வைத்தாள்.

"ஆவிதாங்க," என்றாள். "அடைக்காதீங்க. போவட்டும்."